மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வகுப்பு: சொல்லை எங்கே வைப்பது என்பது மட்டும்தான் பாடம்

சரளமாக இங்கிலீஷ் பேச ஆசைப்படுகிறவர்கள் இந்த வகுப்பில் சேர வேண்டாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேச வைக்க மாட்டார்கள், குரூப் டிஸ்கஷன் கிடையாது, எழுந்து நின்று "மை நேம் ஈஸ்" சொல்லும் சடங்கும் கிடையாது. வார்த்தை ஓரளவு கைவசம் இருக்கிறது, டென்ஸும் தெரியும், ஆனால் எழுதி முடித்த பிறகு "இந்தச் சொல் இங்கே வரலாமா, அங்கே வர வேண்டுமா" என்று பேனாவைக் கடிப்பவர்களுக்கான இடம் இது. அந்த ஒரு விஷயத்துக்கு இதைவிட நல்ல இடம் கடலூரில் எனக்குத் தெரிந்து இல்லை.

நான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். பள்ளிக்கூடம் தமிழ் மீடியம், அப்புறம் பாலிடெக்னிக் டிப்ளமோ. எங்கள் வேலையில் பேசுவதெல்லாம் தமிழ், எழுதுவதெல்லாம் இங்கிலீஷ். லாக் புக், ஒரு வேலையைத் தொடங்க எழுதித் தரும் ஒர்க் பெர்மிட், ஷிஃப்ட் மாறும்போது எழுதி வைக்கும் நோட், ஏதாவது நடந்துவிட்டால் என்கொயரி ரிப்போர்ட். ராத்திரி ஷிஃப்டில் நான் எழுதி வைப்பதைக் காலையில் வருகிறவர் படித்துவிட்டு அப்படியே செய்வார். பக்கத்தில் நின்று "நான் சொல்ல வந்தது அதில்லை" என்று விளக்க நான் இருக்க மாட்டேன், வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பேன். அதனால் சொல்லின் இடம் என்பது எனக்கு வெறும் கிராமர் சமாச்சாரம் இல்லை.

இதற்கு முன்னால் பெரிய பேனர் வைத்த வேறொரு இடத்தில் பணம் கட்டினேன். ஏசி ரூம், கழுத்தில் டேக், தினமும் ஒரு தலைப்பு. தயக்கம் போகும் என்றார்கள், போனது. இப்போது தயங்காமல் தாறுமாறாகப் பேசும் கூட்டம் ஒன்று ஊரில் திரிகிறது. ஒரு வாக்கியத்தைக் காட்டி இது சரியா என்று கேட்டால், "ஃப்ளோ இருக்கு சார், விடுங்க" என்பதுதான் அங்கே பதில்.

மஞ்சக்குப்பத்து வகுப்பு அதற்கு நேர் எதிர். மைதானத்திலிருந்து நடக்கிற தூரம்தான். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே ஓடு வேய்ந்த ஒரு நீள அறை. பெயர்ப்பலகை கிடையாது. நடத்துகிறவர் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் "சார்". அவருக்கு நாங்கள் வயதுக்குத் தகுந்தபடி தம்பி, பாப்பா, "வாங்க சூப்பர்வைசர்".

அறையின் குறுக்கே துணி காயப்போடும் நைலான் கொடி ஒன்று கட்டியிருக்கிறது. அதில் கிளிப் மாட்டியிருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்து, பின்பக்கத்தில் மார்க்கரால் ஒவ்வொரு சொல்லாக எழுதி வைத்திருக்கிறார். வெர்ப் (வினை) என்றால் சிவப்பு, ஆப்ஜெக்ட் (செயப்படுபொருள்) நீலம், எப்படி, எங்கே, எப்போது, எத்தனை தடவை என்று சொல்கிற அட்வெர்ப் பச்சை. வாக்கியத்தைக் கொடியில் மாட்டிவிட்டு, பச்சைச் சீட்டு ஒன்றை யாராவது ஒருவர் கையில் கொடுத்து, "எங்க மாட்டுவீங்க?" என்பார். மாட்டினதும் அந்த வாக்கியத்துக்குத் தமிழில் பொருள் சொல்ல வேண்டும். இடம் மாற்றி மாட்டினால் மறுபடி பொருள் சொல்ல வேண்டும். பாடம் நடத்துவது அவ்வளவுதான். சீட்டைத் திருப்பிப் பார்த்தால் பாதி மாப்பிள்ளை பெயரோ மண்டபத்து முகவரியோ தெரியும். அதைப் படித்துச் சிரிப்பதில் கொஞ்ச நேரம் போகும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாள் கொடியில் தொங்கினது தமிழ் வாக்கியம். "கீரி பாம்பைக் கடித்தது." ஒரு பையனைக் கூப்பிட்டு இஷ்டத்துக்கு மாற்றி மாட்டச் சொன்னார். பாம்பைக் கீரி கடித்தது. கடித்தது கீரி பாம்பை. பாம்பைக் கடித்தது கீரி. எப்படி மாட்டினாலும் அடி வாங்குவது பாம்புதான், ஏனென்றால் 'ஐ' என்ற உருபு பாம்பை விட்டு இறங்கவில்லை. அப்புறம் அதே மூன்று சொல்லை இங்கிலீஷில் மாட்டினார். "தி மங்கூஸ் பிட் தி ஸ்நேக்." இரண்டு சீட்டை இடம் மாற்றினதும் கீரி செத்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷிலும் நம் உருபு மாதிரி விகுதிகள் இருந்தன, சொற்களைக் கொஞ்சம் தாராளமாகவே இடம் மாற்ற முடிந்தது, போகப் போக அந்த விகுதிகள் தேய்ந்து உதிர்ந்துவிட்டன என்றார். ஹீ - ஹிம், தே - தெம் என்று பெயருக்குப் பதில் வரும் சொற்களில் இன்னும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உருபு போனதால், யார் செய்தது, யாருக்குச் செய்தது என்று சொல்லும் வேலை முழுக்க இடத்தின் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் 'சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட்' என்று மனப்பாடம் பண்ணினபோது ஏன் என்று யாரும் சொன்னதில்லை. இங்கே அரை மணி நேரத்தில் ஏன் என்பது புரிந்துவிடுகிறது.

அடுத்து அவர் கற்றுத் தருகிற குறுக்குவழிக்காகவே கட்டின காசு தகும். "சப்ஜெக்ட்டை விட்டுடுங்க, மீதியைக் கடைசியிலிருந்து படிங்க" என்பார். "அவர் நேற்று லேபில் அமைதியாக வேலையைச் செய்தார்" என்று நாம் சொல்வோம். எப்போது, எங்கே, எப்படி, எதை, கடைசியில் வினை. இதைப் பின்னாலிருந்து படித்தால் செய்தார், வேலையை, அமைதியாக, லேபில், நேற்று. "ஹீ டிட் தி ஒர்க் கொயட்லி இன் தி லேப் எஸ்டர்டே." அச்சு அசல். போக்குவரத்து வாக்கியத்திலும் இது ஓடுகிறது. "நாங்கள் நேற்று பஸ்ஸில் சிதம்பரம் போனோம்" என்பதைத் திருப்பினால் "வீ வென்ட் டு சிதம்பரம் பை பஸ் எஸ்டர்டே". புத்தகங்கள் இதைத் தனி விதியாகச் சொல்லும்: சாதாரணமாக எப்படி, எங்கே, எப்போது என்ற வரிசை. போவது வருவது என்றால் எங்கே என்பது முந்திக்கொள்ளும். சார் விதியே சொல்லவில்லை, தமிழில் நமக்கு இயல்பாக வருவதைத் திருப்பச் சொன்னார், விதி தானாக வந்து நின்றது. "திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு" என்று பெரிய காலத்திலிருந்து சின்ன காலத்துக்கு நாம் இறங்குவோம். அவர்கள் மணியில் தொடங்கிக் கிழமைக்கு ஏறுவார்கள். அதற்கும் அதே வழிதான்.

ஒரு குறுக்குவழி கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றிலும் ஓட்டுவது நம் வழக்கம். அடுத்த வகுப்பிலேயே சார் அதை உடைத்தார். "அவர் எப்போதும் காபி குடிப்பார்." திருப்பினால் "ட்ரிங்க்ஸ் காபி ஆல்வேஸ்" என்று வரும், காதுக்கு ஒட்டாது. எத்தனை தடவை என்று சொல்கிற பச்சைச் சீட்டுகளுக்குத் தனி இடம் இருக்கிறது. ஆல்வேஸ், ஆஃபன், யூஷுவலி, நெவர் எல்லாம் வினைக்கு முன்னால் போய் நிற்கும். வினை 'ஈஸ், ஆர், வாஸ்' வகையாக இருந்தால் அதற்குப் பின்னால். 'ஹாஸ், ஷுட்' மாதிரித் துணை வினை இருந்தால் முதல் துணை வினைக்கு அடுத்து. கொடியில் எங்கள் பிளான்ட் வாக்கியத்தையே மாட்டச் சொன்னேன். "தி வால்வ் ஆல்வேஸ் லீக்ஸ்." "தி வால்வ் ஈஸ் ஆல்வேஸ் க்ளோஸ்ட்." "தி வால்வ் ஷுட் ஆல்வேஸ் பி கெப்ட் க்ளோஸ்ட்." மூன்றாவதில் துணை வினைகள் இரண்டு, பச்சைச் சீட்டு முதல் துணை வினைக்கு அடுத்துப் போய் உட்கார்ந்தது. "தி பம்ப் ஹாஸ் நெவர் பீன் செக்ட்" என்பதிலும் அதே கணக்கு.

நெய்வேலியிலிருந்து வருகிற ஒரு தம்பி விடவில்லை. "எங்க பிளான்ட்ல 'ஆல்வேஸ் வேர் காகிள்ஸ்'னு போர்டு இருக்கே சார், அங்க ஆல்வேஸ் முதல்லயே வருதே?" சார் சந்தோஷமாகிவிட்டார். கட்டளை வாக்கியத்தில் சப்ஜெக்ட் வெளியே தெரிவதில்லை, அதனால் வினைக்கு முன்னால் நிற்பதே வாக்கியத்தின் முதலாகத் தெரிகிறது, விதி மாறவில்லை என்றார். ஆனால் "ஆல்வேஸ் பி கேர்ஃபுல்" என்பதில் 'பி'க்கு முன்னால் வருகிறது பாருங்கள், அது மட்டும் விதிவிலக்கு என்று அவரே எடுத்துக் கொடுத்தார். கேட்ட கேள்விக்குத் தப்பிக்காத வாத்தியார்.

போர்டு என்றதும் நானும் ஒன்று கேட்டேன். பழைய சேஃப்டி போர்டுகளில் "அண்டர் நோ சர்கம்ஸ்டன்சஸ் ஷுட் திஸ் டோர் பி ஓப்பன்ட்" என்று இருக்கும். கேள்விக்குறி இல்லாத கேள்வி போல இருக்கிறதே என்றேன். எதிர்மறைச் சொல் வாக்கியத்தின் தலைக்கு வந்துவிட்டால் துணை வினை சப்ஜெக்ட்டைத் தாண்டிக் குதித்து முன்னால் வரும், 'நெவர்', 'ஹார்ட்லி' எல்லாவற்றுக்கும் அப்படித்தான் என்றார். கூடவே, "நீங்க லாக் புக்ல இப்படி எழுதாதீங்க சூப்பர்வைசர், போர்டுக்கு அழகு, நோட்டுக்கு ஆகாது" என்றார். இந்த மாதிரி எதை எங்கே எழுதலாம் என்ற அறிவுரை வேறு எந்த இடத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

வகுப்பில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வெர்புக்கும் ஆப்ஜெக்ட்டுக்கும் நடுவில் அட்வெர்பைச் செருகுவது. "ஐ லைக் வெரி மச் ஃபிஷ்." சார் இதற்கு ஒரு வசனம் வைத்திருக்கிறார்: "ரெண்டும் டவுன் பஸ்ல புருஷன் பெண்டாட்டி சீட்டு. நடுவுல போய் யாரும் உட்காரக் கூடாது." ஆகவே "ஐ லைக் ஃபிஷ் வெரி மச்". பாண்டியிலிருந்து ஒரு பெண் வருகிறாள், சின்ன வயதிலிருந்து பிரெஞ்சு படித்தவள். எங்களையெல்லாம்விட இங்கிலீஷ் நன்றாகவே வரும், ஆனால் "ஐ ட்ரிங்க் ஆஃபன் காபி" என்று மாட்டிவிட்டாள். சார் ஒரு நொடியில், "பாப்பா, நீ பிரெஞ்சு படிச்சியா?" என்றார். பிரெஞ்சில் அட்வெர்ப் வினைக்கு அடுத்து, ஆப்ஜெக்ட்டுக்கு முன்னால்தான் சாதாரணமாக உட்காரும். நம்மூர் ஆளுக்கு வருகிற தப்பு ஒரு தினுசு, பாண்டியில் லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு வருகிற தப்பு வேறு தினுசு. சீட்டு மாட்டின இடத்தைப் பார்த்தே எங்கே படித்தது என்று சொல்லிவிடுகிறார்.

அன்றைக்கு வகுப்பு அத்தோடு முடிந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு என்ற சொல் விழுந்ததும் சார் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக் கதைக்குக் கிளம்பிவிட்டார். 1690ல் ஈஸ்ட் இண்டியா கம்பெனிக்காரர்கள் மராட்டியரிடம் செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கியது, 1756ல் கிளைவ் அங்கே கவர்னராக வந்து உட்கார்ந்தது, 1758ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தது என்று மணி ஏழடிக்கும் வரை. சுவாரசியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஷிஃப்ட் முடித்துக் குளித்துவிட்டு ஓடி வருகிறவனுக்கு அது வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டிய கச்சேரி. மாதத்தில் ஒரு வகுப்பாவது இப்படிக் கோட்டைக்குப் போய்விடும்.

அந்த பஸ் சீட்டு விதியில் எனக்கு ஒரு குறையும் உண்டு. புதிதாக வருகிறவர்களிடம் அதை மாற்றமுடியாத சட்டம் போலச் சொல்கிறார். ஆனால் ஆப்ஜெக்ட் நீளமாகிவிட்டால் சட்டம் தளர்கிறது. "ஹீ எக்ஸ்பிளெயின்ட் கிளியர்லி தி ஸ்டெப்ஸ் டு பி ஃபாலோட் ஆஃப்டர் எ பவர் கட்" என்பது நல்ல இங்கிலீஷ்தான். அந்த 'கிளியர்லி'யைக் கடைசிக்குத் தள்ளினால் அவ்வளவு தூரம் தள்ளிப் போன பிறகு அது எதோடு சேரும் என்று யாருக்கும் தெரியாது. கேட்டதும் ஒத்துக்கொண்டார். 'எக்ஸ்பிளெயின்ட்'டுக்கு முன்னால் வைத்தால் இன்னும் நல்லது என்று சீட்டையும் நகர்த்தினார். கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். பாதிப் பேர் கேட்பதில்லை.

'ஒன்லி'க்கு ஒதுக்கும் வகுப்பைத் தவற விடாதீர்கள். நான் சிப்காட்டில் இருக்கிற எல்லா சூப்பர்வைசரையும் அழைத்துப் போய் உட்கார வைக்க ஆசைப்படுகிற வகுப்பு அதுதான். கொடியில் தொங்கியது "தி ஃபிட்டர் செக்ட் தி பம்ப் எஸ்டர்டே". ஒரே ஒரு பச்சைச் சீட்டு. முதலில் மாட்டினால், ஃபிட்டர் மட்டும்தான் பார்த்தார், வேறு யாரும் பார்க்கவில்லை. 'செக்ட்'டுக்கு முன்னால் மாட்டினால், பார்த்தார், அவ்வளவுதான், ரிப்பேர் செய்யவில்லை. 'தி பம்ப்'புக்கு முன்னால் மாட்டினால், பம்பை மட்டும், மோட்டாரைத் தொடவில்லை. 'எஸ்டர்டே'வுக்கு முன்னால் மாட்டினால், நேற்றுத்தான் பார்த்திருக்கிறார், அதற்குள் என்ன கெட்டுவிடப் போகிறது என்ற தொனி. நான்கு இடம், நான்கு ரிப்போர்ட். பேசும்போது வெள்ளைக்காரர்களும் பெரும்பாலும் வினைக்கு முன்னால் போட்டுவிட்டு, அழுத்துகிற அழுத்தத்தில் பொருளைக் காட்டிவிடுவார்களாம். காகிதத்தில் அழுத்த முடியாது. நம் 'மட்டும்' எந்தச் சொல்லுக்கு வேண்டுமோ அதன் முதுகிலேயே ஏறிக்கொள்வதால் நமக்கு இந்தச் சிக்கலே இல்லை. அதனாலேயே இங்கிலீஷில் எழுதும்போது நாம் இதைக் கவனிப்பதும் இல்லை. பெர்மிட்டில் எழுதுவதானால் "ஓப்பன் தி வால்வ் ஒன்லி ஆஃப்டர் தி பம்ப் ஸ்டாப்ஸ்" என்று, கட்டுப்படுத்துகிற சொல்லை ஒட்டி வைக்கச் சொன்னார். இப்போது எங்கள் ஷிஃப்டில் பெர்மிட் எழுதுகிற பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, இரண்டு பக்கமும் சாய்கிற அட்வெர்ப். "ஆப்பரேட்டர்ஸ் ஹூ செக் தி கேஜ் ஆஃபன் ஃபைண்ட் லீக்ஸ்." அடிக்கடி கேஜ் என்ற அளவு மீட்டரைப் பார்க்கிறார்களா, பார்க்கிறவர்கள் அடிக்கடி லீக்கைக் கண்டுபிடிக்கிறார்களா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். 'ஆஃபன்' சீட்டை 'செக்'குக்கு முன்னால் நகர்த்தினால் ஒரு பொருள் மட்டும் நிற்கும். ரிப்போர்ட் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு ஜோடியும் தந்தார்: "ஹீ ஆன்சர்ட் தி கொஸ்டின் ஃபூலிஷ்லி" என்றால் சொன்ன பதில் அசட்டுத்தனம். "ஹீ ஃபூலிஷ்லி ஆன்சர்ட் தி கொஸ்டின்" என்றால் வாயைத் திறந்ததே அசட்டுத்தனம், பதில் சரியாகக்கூட இருந்திருக்கலாம். என்கொயரியில் ஒருத்தன் வேலையைப் பற்றி எழுதும்போது இந்த வித்தியாசம் அவன் இன்கிரிமென்ட்டில் போய் முடியும்.

இனி மற்ற விஷயங்கள். நோட்டுத் திருத்துவதில் அவரை அடிக்க ஆளில்லை. வாரா வாரம் நம் வேலையிலிருந்து நாமே பத்து வாக்கியம் எழுதிக்கொண்டு போக வேண்டும். கம்பெனி பெயர், ஆள் பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வார். சிவப்பு மையில் அடிக்க மாட்டார், அம்புக்குறி போட்டு இதை இங்கே கொண்டு போ என்று காட்டுவார். நோட்டு முழுக்க அம்பாக இருக்கும். ஜெராக்ஸ் எடுத்துத் தருகிற பயிற்சித் தாள்தான் மோசம். கீழேயே கடை இருந்தும் ஏன் இவ்வளவு மங்கலாக வருகிறது என்று புரியவில்லை. 'ஸ்டில்', 'யெட்', 'ஆல்ரெடி' பற்றின தாளில் பாதி எழுத்து கண்ணுக்கே தெரியாது. அந்தப் பாடத்தையும் அவசரமாகவே முடித்தார். 'ஸ்டில்' எதிர்மறைத் துணை வினைக்கு முன்னால், 'யெட்' பெரும்பாலும் கடைசியில் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு 'ஒன்லி'க்கு ஓடிவிட்டார். 'ஒன்லி' மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

மழைக்காலத்தில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஒரு ஃபேன் மட்டும் சுற்றும், அதுவும் சாருக்கு நேராக. கொசு நிச்சயம். படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், முட்டி வலி இருக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்த இடமில்லை. மைதானத்துப் பக்கம் விட்டுவிட்டு நடப்பது உத்தமம்.

கட்டணம் மாதத்துக்கு 800 ரூபாய். ரசீது கேட்டால்தான் தருவார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாலை 5 மணிக்கு ஒரே பாடம்தான் நடக்கும். ஷிஃப்ட் ஆட்கள் எந்த நாள் வேண்டுமானாலும் வரலாம், முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பிளஸ் டூ பிள்ளைகளை மார்க்குக்காகச் சேர்ப்பதாக இருந்தால் வேண்டாம், பாடப்புத்தகத்தைத் தொடவே மாட்டார். நர்சிங் முடித்து வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இரண்டு பேர் எங்களோடு இருந்தார்கள். எழுத்துப் பகுதிக்கு இது உதவியது, பேச்சுப் பகுதிக்குத் தனியாக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கலெக்டர் ஆபீஸ் பக்கம் வேலை செய்கிற கிளார்க்குகள், எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெயில் எழுதுகிறவர்கள், என் மாதிரி பிளான்ட் ஆட்கள், இவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

சேர வேண்டுமென்றால் போன் அடிக்காதீர்கள், வகுப்பு நேரத்தில் எடுக்க மாட்டார், மற்ற நேரத்தில் எடுத்தால் வைக்க மாட்டார். சனிக்கிழமை நாலரைக்கு நேரே மாடி ஏறிவிடுங்கள். கையில் உங்கள் வேலையில் நீங்கள் எழுதின ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்கலாமா, வேண்டாமா என்று சொல்வார்.